‘டைக்ளொசியா’: ஒரு கலைச்சொல்லின் வரலாறும் குருநகர் தரும் சான்றும்

ஒரு கலைச்சொல் துறையொன்றினுள்ளே நெடுங்காலம் வழங்கியபின், அது முதலில் எந்தச் சச்சரவின் நடுவே, யாருடைய வாயிலே பிறந்தது என்பது மறக்கப்பட்டுவிடுகின்றது. அவ்வாறு பிறப்பு மறந்த சொற்களுள் ஒன்று ‘டைக்ளொசியா’. தமிழ் மொழியியலாளர் இதனை ‘இரட்டை வழக்கு’ எனப் பெயர்த்து வழங்குகின்றனர். ஆங்கிலம் அறிந்த பொதுவாசகருள் பெரும்பாலோர் இச்சொல்லை எதிர்கொண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பெறும் மொழியியல் ஆய்வுகளிலே இது இடம்பெறாதிருப்பது அரிது. இச்சொல் எமது மொழிநிலையைப் பற்றி எதனை விளக்குகின்றது, எதனை மறைக்கின்றது என்னும் வினாவை, யாழ்ப்பாண நகரை அடுத்துக் கடனீரேரிக் கரையில் அமைந்த குருநகரின் மொழிவாழ்க்கையைச் சான்றாக வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

சொல் கிரேக்கமாகும். ‘இரண்டு’, ‘நா’ என்னும் பொருள்தரும் இரு பகுதிகள் சேர்ந்து அமைந்தது. சொற்பொருளளவில் இலத்தீன்வழி வந்த ‘இருமொழியம்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வேறுபாட்டை உண்டாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிரேக்கத்தின் அரசியலே. துருக்கிய ஆட்சியினின்று விடுபட்ட அந்நாட்டிலே, பழங்கிரேக்கத்தை நோக்கித் திருத்தப்பட்ட ‘தூய’ நடையொன்று அரசுக்கும் பள்ளிக்கும் உரியதாயிற்று. மக்கள் பேசிய மொழி வீட்டுக்கும் சந்தைக்கும் உரியதாய் நின்றது. இந்நிலையைச் சுட்டவே 1880களில் எழுத்தாளர் றொயிடிசும், மொழியியலாளர் சிக்காரியும் இச்சொல்லைக் கையாண்டனர். சிக்காரி வெறும் நோக்கராக இருக்கவில்லை. 1888இல் மக்கள் மொழியிலேயே ஒரு நூலை எழுதி வெளியிட்டு, அதற்காக வசைபெற்றவர் அவர். 1901 நவம்பரில் விவிலிய நற்செய்தியை மக்கள் மொழியிற் பெயர்த்துச் செய்தித்தாளொன்று வெளியிட்டமைக்காக ஏதென்சு நகரிலே கலகம் மூண்டு, 8 பேர் உயிரிழந்தனர். 1967 முதல் 1974 வரை ஆண்ட இராணுவக் குழுவினர் தூய நடையைத் தமது ஆட்சியின் சின்னமாகப் போற்றினர். அவர்கள் வீழ்ந்தபின், 1976இலேயே மக்கள் மொழி சட்டப்படி கல்விக்கும் நிருவாகத்துக்கும் உரியதாயிற்று. ஆகவே, இச்சொல் பிறந்தபோது அது ஒரு வருணனைச் சொல்லாக மாத்திரம் இருக்கவில்லை; குற்றச்சாட்டாகவும் இருந்தது.

பிரெஞ்சு அறிஞர் வில்லியம் மார்சே 1930இல் அரபு மொழிக்கு இதனைப் பொருத்தினார். அமெரிக்க மொழியியலாளர் சாள்ஸ் பேர்குசன் 1959இல் ‘வேர்ட்’ என்னும் ஆய்விதழிலே எழுதிய கட்டுரைதான் ஆங்கிலத்தில் இதனை நிலைநாட்டியது. அரபு, நவீன கிரேக்கம், சுவிற்சர்லாந்து ஜெர்மன், ஹெயிற்றியின் கிறியோல் ஆகிய நான்கு நிலைகளை அவர் ஒப்பிட்டார். ஒரே மொழியின் இரு வடிவங்கள் ஒரு சமுதாயத்திலே பணிகளைப் பங்கிட்டுக்கொண்டு நெடுங்காலம் அருகருகே நிலைத்திருத்தலே அவரது வரையறையின் சாரம். பணி, மதிப்பு, இலக்கியச் செல்வம், கற்கும் முறை, நியமம், நிலைபேறு, இலக்கணம், சொற்றொகுதி, ஒலியமைப்பு என ஒன்பது கூறுகளை அவர் எடுத்துப் பேசினார். இரு வடிவங்களுக்கும் அவர் இட்ட பெயர்கள் இரண்டே எழுத்துக்கள். ஆங்கிலத்தில் ‘உயர்ந்தது’, ‘தாழ்ந்தது’ என்ற சொற்களின் முதலெழுத்துக்கள் அவை. அக்கட்டுரையின் பிற்பகுதியிலே, தமிழ் தமது வரையறைக்கு முற்றும் பொருந்துவதென்றும் அவர் எடுத்துக்காட்டினார். 1960களிலும் அதன் பின்னரும் மு. சண்முகம்பிள்ளை முதலாகப் பலர் தமிழை இக்கோணத்தில் ஆராய்ந்தனர். 1986இல் பிரான்சிசு பிரிட்டோ தமிழையே மையமாக வைத்து இக்கொள்கை பற்றித் தனிநூல் எழுதினார்.

பேர்குசன் காணுமுன் தமிழர் இதனைக் காணவில்லை என்று கருதுதல் பிழையாகும். தொல்காப்பியம் வழக்கு, செய்யுள் என்ற இரண்டையும் பிரித்தே பேசுகின்றது. செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற இணை பெரிதும் நிலப்பகுதி பற்றிய பாகுபாடாகவே உரையாசிரியர்களால் விளக்கப்பட்டது. ஆனால் வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே இலத்தீனில் எழுதிய இரு தமிழ் இலக்கணங்களுள் ஒன்றைச் செந்தமிழுக்கும் மற்றொன்றைக் கொடுந்தமிழுக்கும் என வகுத்தபோது, பின்னது பொதுமக்கள் வழங்கும் தமிழையே குறித்தது. நிலம் பற்றிய சொல் மக்கட் படிநிலை பற்றிய சொல்லாக நகர்ந்துவிட்டது. ‘இழிசனர் வழக்கு’ என்ற தொடரிலே இந்நகர்வு முற்றுப்பெறுவதைக் காணலாம். இத்தொடர் மொழியைத் தரம்பிரிப்பதோடு நில்லாது, பேசுவோரையே தரம்பிரிக்கின்றது. அவ்வகையில் பேர்குசனின் நடுநிலை எழுத்துக்களைவிட இது நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம்.

இனிக் குருநகருக்கு வருவோம். முன்னர் கரையூர் என வழங்கிய இவ்வூர், கத்தோலிக்க சமயம் சார்ந்த கடற்றொழிலாளர் செறிந்து வாழ்வது. புனித யாகப்பர் ஆலயம் அதன் நடுவிடமாகும். ஊர்ப்பெயரின் மாற்றமே எமது பொருளுக்கு ஒரு முன்னுரை போல அமைந்துள்ளது. கடற்கரையிலுள்ள ஊர் என்று எவர்க்கும் விளங்கும் பெயரின் இடத்திலே, வடமொழிச் சாயல் பெற்ற பெயர் வந்து அமர்ந்திருக்கின்றது. மதிப்பு எந்தப் பக்கத்தில் உள்ளதோ அந்தப் பக்கத்துச் சொல்லை ஒரு சமூகம் தனக்கெனப் பெற முயல்வது இயல்பே.

உயர்வழக்கை மக்கள் எவ்வாறு பெறுகின்றனர் என்ற இடத்திலே பேர்குசனின் வரையறை குருநகரோடு முரண்படுகின்றது. அவர் கூற்றின்படி தாழ்வழக்குத் தாய்மடியிலே வருவது. உயர்வழக்குப் பெரும்பாலும் முறைசார்ந்த பள்ளிக் கல்வியால் வருவது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கரையோரத்திலே, பள்ளிப்படிப்பு மிகக் குறைந்திருந்த தலைமுறைகளும் உயர்வழக்கை வாயாரப் பாடியும் ஓதியும் வந்துள்ளன. அதற்கு இரண்டு வாயில்கள் இருந்தன.

முதலாவது கூத்து. குருநகர், பாசையூர், நாவாந்துறை முதலிய ஊர்களிலே தென்மோடிக் கூத்து வேரூன்றியிருந்தது. அண்ணாவியார் ஏட்டையோ கொப்பியையோ வைத்துக்கொண்டு அடியடியாகச் சொல்லிக்கொடுக்க, ஆடுவோர் அவற்றைச் செவிவழி கேட்டு மனனம் செய்தனர். பகலிற் கடலில் நின்றவர் இரவிலே சேனாதிபதியாகவும் மந்திரியாகவும் விருத்தமும் கொச்சகமும் தருவும் பாடினார். எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி, சங்கிலியன் போன்ற கதைகளின் நீண்ட பாடல்கள் எழுத்தறியாதவர் நினைவிலும் தங்கின. அப்பாடல்களின் வினைமுற்றும் வேற்றுமையுருபும் சந்தியும் அவர் வீட்டிற் பேசியவை அல்ல. பண்டிதர் ‘தமிழ்’ என்று ஒப்புக்கொள்ளும் வடிவங்களே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலியவற்றைப் பதிப்பித்தபோது பல்கலைக்கழகம் இச்செல்வத்தை நாட்டார் கலை என்ற தலைப்பின்கீழ் வரவேற்றது. அது நல்வரவே. எனினும் அத்தலைப்பு ஒன்றை மறைத்தது. மொழியளவிலே இவை ‘நாட்டார்’ வழக்கில் அமைந்தவை அல்ல. கல்வி மறுக்கப்பட்டவர்கள் கல்விமொழியைத் தம் உழைப்பால் கைப்பற்றி வைத்திருந்ததற்கு அவை சான்று.

இரண்டாவது வாயில் தவக்காலம். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க ஆலயங்களிலே தலைமுறை தலைமுறையாக இராகத்தோடு ஓதப்பட்டு வந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்திலே, 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து, 1742இல் இங்கேயே மறைந்தவர் அவர். கொங்கணி மொழிப்புலத்திலிருந்து வந்த ஒருவர் ஆக்கிய உரைநடையே எமது கடற்கரைப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் துயரத்தின் உயர்மொழியைத் தந்தது. உயர்வழக்கு மண்ணின் மைந்தருக்கே உரிய பரம்பரைச் சொத்து என்று வாதிடுவோர் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

இன்னொரு திசையிலும் கரையோரம் முந்திக்கொண்டது. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கமும் 1586இல் வெளிவந்த அடியார் வரலாறும் அன்ரிக்கே அடிகளின் ஆக்கங்கள். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிபுரிந்த அவரது நடை, அக்காலப் பேச்சு வழக்குக்கு மிக நெருங்கியது. தமிழ் அச்சுக்குள் நுழைந்தபோது மீனவர் கரையிலே வழங்கிய பேச்சையும் உடன்கொண்டே நுழைந்தது. அந்த வழி பின்னர் அடைபட்டது. அடைத்தது யார், ஏன் என்பவை பேர்குசனின் ஒன்பது கூறுகளுள் எதிலும் அடங்காத வினாக்கள்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை விடையின் ஒரு பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கிடக்கின்றது. மிசனரிப் பாடசாலைகளும், 1848இல் ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், அச்சியந்திரமும் சேர்ந்து உரைநடைக்கு ஒரு நியமத்தை ஏற்படுத்தின. நாவலரின் வசனநடை செய்யுளின் பிடியிலிருந்து தமிழை விடுவித்த பெருஞ்செயல் என்பதிலே எமக்கு ஐயமில்லை. கற்றவர் சிலர்க்கே உரியதாய் இருந்ததை வாசிக்கத் தெரிந்த பலர்க்கும் உரியதாக்கியது அது. ஆனால் வாசிக்கத் தெரிந்த அப்பலர் யாவர் என்பதை நிலவுடைமையும் சாதியமைப்புமே முடிவுசெய்தன. பள்ளி வாங்கில் யாருக்கு இடம் என்ற வினாவும் இலக்கண வழு யாருடையது என்ற வினாவும் வேறுவேறல்ல.

இது வெளிப்படையாக வெடித்தது 1960களின் தொடக்கத்திலாகும். 1954இல் அமைக்கப்பட்ட இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோரும் அவர்க்கு நெருங்கியோரும் உழைப்போரின் பேச்சைச் சிறுகதையிலும் நாவலிலும் எழுதியபோது, மரபு பேணுவோர் அதனை இழிசனர் வழக்கு எனக் கண்டித்தனர். பேச்சுமொழியை எழுதியது அப்பொழுதுதான் முதன்முறை அன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இலேயே யாழ்ப்பாணப் பேச்சில் அமைந்த நாடகங்களை ‘நானாடகம்’ என்ற தொகுப்பாக வெளியிட்டிருந்தார். அதற்கு எழாத கண்டனம் டொமினிக் ஜீவாவுக்கும் டானியலுக்கும் எழுந்தது ஏன்? பேராசிரியர் எழுதும்போது அது நகைச்சுவையும் ஆராய்ச்சியும் ஆயிற்று; ஒடுக்கப்பட்டோர் எழுதும்போது அது மொழிக்கேடு ஆயிற்று. சண்டை வினைமுற்றைப் பற்றியதாகத் தோன்றினும், எழுதும் உரிமையைப் பற்றியதே.

மார்க்சியர் இவ்விடத்திலே அவசர முடிவுக்கு வந்துவிடுதல் கூடாது. உயர்வழக்கு ஆளும் வர்க்கத்தின் மொழி, தாழ்வழக்கு உழைப்போரின் மொழி என்று கோடு கிழிப்பது எளிது. 1950இல் ஸ்டாலின், மொழி மேற்கட்டுமானம் அன்று, அது ஒரு வர்க்கத்துக்கு மாத்திரம் உரியதும் அன்று என்று வாதிட்டது இத்தகைய எளிமைப்படுத்தலுக்கு எதிராகவே. ஆயினும் அவ்வாதம் மொழிக்குள் நிகழும் மோதலை விளக்காது விட்டுவிட்டது. 1929இல் வொலொசினோவ் கண்ட வழி எமக்குக் கூடுதலாகப் பயன்படுகின்றது. ஒரே குறியை வெவ்வேறு வர்க்கங்கள் பயன்படுத்துகின்றன. ஆகவே குறியே போராட்டக் களமாகின்றது என்பது அவர் கருத்து. குருநகர்க் கூத்து மேடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயர்வழக்கை ஆள்பவர் இங்கே மீனவரே. ஆனால் அம்மேடையினுள்ளேயும் அரசனும் மந்திரியும் உயர்வழக்கிலே பாட, நகைப்பூட்டும் பாத்திரங்கள் பேச்சு வழக்கிலே பேசுகின்றன. சமற்கிருத நாடகத்திலே அரசன் சமற்கிருதமும் பணியாளர் பிராகிருதமும் பேசிய ஏற்பாடே கடல் கடந்து கரையேறியது போன்ற தோற்றம். உயர்மொழியைக் கைப்பற்றியவர்கள் அதனோடு வந்த படிநிலையையும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. எதிர்ப்பும் இணக்கமும் ஒரே மத்தள அடியிலே கலந்திருப்பதைப் பிரித்துணராமல் ‘மக்கள் கலை’ என்று வாழ்த்துவது ஆய்வாகாது.

பேர்குசனுக்குப் பின் வந்த யோசுவா பிஷ்மன் 1967இல் இச்சொல்லை வேறுவேறு மொழிகளுக்கிடையேயான பணிப்பங்கீட்டுக்கும் விரித்தார். சொல்லின் எல்லை அகன்றது; கூர்மை குறைந்தது. கற்றலான் மொழிப்பகுதியைச் சார்ந்த அராசில், நினியோலஸ் முதலியோர் அதே பதினாண்டுக் காலத்திலே எதிர்நிலை எடுத்தனர். ஸ்பானிய ஆட்சியின்கீழ் தமது மொழி சமையலறைக்குத் தள்ளப்பட்டதை ‘நிலையான பணிப்பங்கீடு’ என்பது, மோதலை அமைதி என்று பெயரிடுவதாகும் என்பதே அவர்களது முறைப்பாட்டின் சாரம். சிக்காரியின் கையிலே குற்றச்சாட்டாக இருந்த சொல் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலே வகைப்பாட்டுச் சொல்லாகியபோது இழந்தது எதுவோ, அதனையே அவர்கள் மீட்க முயன்றனர்.

தாழ்வழக்கு எனப்படுவது சொல்வளம் குன்றியதோ சிதைந்ததோ அன்று என்பதற்கு யாழ்ப்பாணத்துக்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை. அ, இ, உ என்னும் முச்சுட்டுக்களைத் தொல்காப்பியம் கூறுகின்றது. உகரச் சுட்டு இன்றைய எழுத்துத் தமிழிலே வழக்கிழந்தது. தமிழகப் பேச்சிலும் மறைந்தது. யாழ்ப்பாணப் பேச்சிலே உவன், உது, உங்கை என அது நாள்தோறும் வாழ்கின்றது. அதனை எழுதிய மாணவனின் கட்டுரையிலே ஆசிரியர் சிவப்புக் கோடு இடுவார்! வாடையும் கொண்டலும் சங்கப் பாடல்களிற் பயின்ற சொற்கள். பாடநூலிலே அவற்றுக்குக் குறிப்புரை வேண்டும். குருநகர்த் தொழிலாளருக்கு வேண்டியதில்லை. கச்சான், சோழகம் என மற்றைய காற்றுக்களையும் பெயரிட்டுப் பகுப்பவர் அவர். ஏனெனில் காற்றின் பெயரை அறியாமல் கடனீரேரியிலே பாய் விரித்தல் இயலாது. களங்கட்டி, சிறகுவலை என்பன ஆழமற்ற கடலின் அடிநிலம், நீரோட்டம், மீனின் போக்கு ஆகியவை பற்றிய அறிவைத் தம்முள் அடக்கிய சொற்கள். உயர்வழக்கு உரைநடையிலே இவற்றுக்கு ஈடு இல்லை. எழுத வேண்டியவர்கள் எழுதாமையினாலேயே இல்லை.

நிருவாகம் இவ்விடைவெளியை வேறுவகையிலே நிரப்புகின்றது. மீனவர் ‘தொழிலுக்குப் போறன்’ என்கிறார். தொழில் என்றாலே அவர்க்குக் கடல்தான். திணைக்களத்தின் படிவம் அதனைக் ‘கடற்றொழில்’ என்கிறது. இயந்திரப் படகுகள் பெருகியபின் ‘மிசின்’ என்று அவர் சுருக்கியது, படிவத்திலே ‘வெளியிணைப்பு இயந்திரம்’ ஆகி நிற்கின்றது. கடனுக்கும் நட்டஈட்டுக்கும் விண்ணப்பிக்கும்போது தன் படகையே தான் அறியாத பெயரால் அவர் எழுத வேண்டியவராகின்றார். அல்லது எழுதித்தர ஒருவரைத் தேட வேண்டியவராகின்றார்.

வழிபாட்டிலே நிகழ்ந்ததும் இதனையொத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் மக்கள் மொழிக்கு வழிதிறந்தது. அதுவரை குருநகரின் பூசைமொழி இலத்தீன். செபமொழி இலக்கியத் தமிழ். வீட்டுமொழி கடற்கரைப் பேச்சு. மூன்றடுக்காக இருந்தது இரண்டடுக்காயிற்று. ஆனால் பீடமேறிய ‘மக்கள் மொழி’ மக்களுள் எவரும் பேசாத தமிழே. இதனை நாம் குறையாகக் கூறவில்லை. கூத்திலும் பிரசங்கத்திலும் பழகிய செவிகளுக்கு அது அந்நியமாக ஒலித்திராது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வழிபாட்டு மொழி மாறியதற்கும் தமிழிலே மாறியதற்கும் உள்ள வேறுபாட்டை இரட்டை வழக்கு என்ற கருத்தில்லாமல் விளக்க முடியாது என்பதே எமது கூற்று. அந்த அளவிலே பேர்குசனுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

விளக்கம் மிகக் கடினமாவது துயரத்தின் ஆவணங்களிலே. 1986 ஜூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலிலே குருநகரைச் சேர்ந்த 30க்கும் மேற்பட்ட கடற்றொழிலாளர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13இல் யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி, வழிபாட்டுக்கு வந்திருந்தோர் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்வுகளைக் கண்டோர் கூறுவது பேச்சு வழக்கிலே. மனுவாகவோ சத்தியக்கடதாசியாகவோ அது எழுதப்படுவது உயர்வழக்கிலே. அதிகாரத்தை எட்டும்போது சிங்களமோ ஆங்கிலமோ ஆகிவிடுகின்றது. முதற் பெயர்ப்பு தமிழிலிருந்து தமிழுக்கு நிகழ்வதாதலால் அதனைப் பெயர்ப்பு என்று எவரும் கருதுவதில்லை. ‘அவரைக் கொண்டுபோனவங்கள்’ என்பது ‘அவர் கொண்டு செல்லப்பட்டார்’ என்று ஆகும்போது, கொண்டுபோனவர்கள் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகின்றனர். உயர்வழக்கின் செயப்பாட்டுவினை இங்கே நடையழகு அன்று. இரண்டாம் மூன்றாம் பெயர்ப்புக்களைச் சரிபார்க்க ஆட்கள் உண்டு. முதலாவதைச் சரிபார்க்க ஒழுங்கு எதுவுமில்லை.

கலைச்சொல்லாக்கம் பற்றி ஒன்று கூற வேண்டும். ‘இரட்டை வழக்கு’ நல்ல பெயர்ப்பே. வழக்கு என்ற சொல் பயன்பாட்டையும் பிணக்கையும் ஒருங்கே குறிப்பதனால் மூலத்தைவிடச் சிறந்தது என்றே எண்ணுகின்றோம். ஆனால் பேர்குசனின் இரு எழுத்துக்களையும் ‘உயர்’, ‘தாழ்’ என விரித்தெழுதும் போக்கை, இக்கட்டுரை உட்பட எமது எழுத்துக்கள், இனிக் கைவிடுதல் தக்கது. அவற்றுக்கு மாற்றாக எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்பனவும் முற்றும் பொருந்தா. கூத்துப்பாடல் எழுத்தறியாதோர் வாயிலே வாழ்ந்த எழுத்து வழக்கு. அதனை எந்தப் பெட்டியில் இடுவது? ‘ஓதுவழக்கு’ என மூன்றாவது ஒன்றைக் கொள்ளலாம் என்று தோன்றுகின்றது. அதனை உறுதிசெய்வதற்கு வேண்டிய சான்றுகள் அச்சிட்ட பதிப்புக்களில் இல்லை. அண்ணாவிமார் குடும்பங்களில் எஞ்சியிருக்கக்கூடிய கொப்பிகளிலே, ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டெழுதியபோது நேர்ந்த எழுத்துப் ‘பிழை’களிலே அவை இருத்தல் கூடும். போரும் இடப்பெயர்வும் கறையானும் விட்டுவைத்தவற்றைப் பதிப்பிப்போர், அப்பிழைகளைத் திருத்தாமல் உள்ளவாறே படியெடுப்பாராக.